முத்திரைக்கு அரை அங்குலம் தள்ளி

என் வீட்டுக்காரரைத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "மியூசியம் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். கார் நிறுத்துவதற்கென்று வீட்டின் பக்கவாட்டில் நீளமாக ஓர் அறை கட்டினோம். கார் வரவே இல்லை. நானூற்றுப் பன்னிரண்டு பழைய கைக்கருவிகள் வந்து உட்கார்ந்துகொண்டன. இழைப்புளி, உளி, குறடு, அரம், ரம்பம், தூக்குக்குண்டு என்று எல்லாமே நூறு, நூற்றைம்பது வருடம் பழசு. ஒவ்வொன்றும் சுவரில் தனக்கென்று வரைந்த கறுப்பு நிழலுக்குள் தொங்கும். இன்னும் கைக்கு வராத கருவிக்கும் அவர் முன்கூட்டியே நிழல் வரைந்து வைத்துவிடுவார். பெண் பார்க்கும் முன்பே பத்திரிகை அடிக்கிற ரகம்.

வார நாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி பொருத்துகிற வேலை. ஞாயிறு பத்து மணி முதல் ஒரு மணி வரை மியூசியம். அந்த அறைக்கு இரண்டு சட்டம் வைத்திருந்தார். விளக்கையும் மின்விசிறியையும் தவிர, ஒயர் வைத்த எதுவும் உள்ளே வரக் கூடாது. எந்தக் கருவியையும் தீட்டக் கூடாது. கடைசியாக அதைப் பிடித்தவன் விட்டுப்போன கூர்மைதான் அதன் சரித்திரம் என்பார். இருபத்து மூன்று ரம்பம் இருக்கிறது, ஒன்றில்கூட வாழைத்தண்டை அறுக்க முடியாது என்று நான் சொல்லிக் காட்டுவேன். அவர் காதில் வாங்கிக்கொள்ள மாட்டார். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் நானூற்றுப் பன்னிரண்டையும் மெழுகு தொட்டுத் துடைப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். திட்டிக்கொண்டே துடைப்பேன்.

இதெல்லாம் போக ஒரு விளையாட்டும் உண்டு. ஞாயிறுதோறும் அறை நடுவே மேஜையில் ஒரே ஒரு கருவியை வைத்து, அதன் சீட்டைக் கவிழ்த்துப் போட்டிருப்பார். வருகிறவர்கள் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, அது எதற்கு என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அவர்கள் புகைப்படம் வாசல் பக்கத்துச் சுவரில் ஏறும். யாரும் குறிப்புக் கொடுக்கக் கூடாது.

அவருடைய அக்கா, எனக்கு அண்ணி, ஒன்பது வருடமாக மாதம் ஒரு ஞாயிறு வந்து தோற்றுப்போய்க்கொண்டிருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பிறந்து மூன்று நாள் ஆன குழந்தையாக இருந்தாலும், உடம்பெல்லாம் சுருங்கிப்போன கிழவராக இருந்தாலும், மற்றவர்கள் குத்திக் குத்திப் பார்த்துக் கைவிட்ட பிறகு அண்ணியைத்தான் கூப்பிடுவார்கள். இடது கை ஆள்காட்டி விரலால் தோலை லேசாக அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு ரத்தக்குழாயைத் தேடுவார். கிடைத்ததும் வலது கை ஊசி ஒரே தடவையில் போகும். அந்த விரல்தான் அவருக்குச் சோறு, மரியாதை எல்லாம். என் மகளுக்குப் பிறந்த நாலாம் நாள் மஞ்சள்காமாலை வந்தபோது, குழந்தையை மூன்று பேர் அழவைத்த பிறகு அண்ணி வந்துதான் ரத்தம் எடுத்தார். எனக்கு அவர்மேல் பிரியம் அன்றைக்கு ஆரம்பித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேஜையில் இருந்தது கொண்டை இரும்பு. ஒரு முழம் நீளத்துக்கு இரும்புச் சட்டம். ஒரு முனையில் அங்குல கனத்துக்குத் தடித்த தலை. தலையின் நடுவே விரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. கொல்லர் பழுக்கக் காய்ச்சிய கம்பியை அந்த ஓட்டையில் இறக்கி, மேலே நீட்டிக்கொண்டிருப்பதைச் சுத்தியலால் அடித்துப் பெரிய ஆணிக்குக் கொண்டை உண்டாக்குவாராம். முடிந்த ஆணி சுலபமாகக் கழன்று விழ வேண்டும் என்பதால் ஓட்டை ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கும். குறுகிய பக்கத்தில், ஓட்டையை ஒட்டி, செய்தவரின் முத்திரை: ஒரு பிறை, அதற்குள் மூன்று புள்ளி. அந்தக் கொல்லர் செய்த சாமான் உலகத்தில் நாலுதான் மிச்சம் என்று இவர் சொல்வார். மற்ற மூன்றிலும் முத்திரை பாதி தேய்ந்துவிட்டதாம். முழு முத்திரை இதில் மட்டும்தான். ஏழு வருடம் வெறும் நிழலாக இருந்த இடத்துக்கு மூன்று வாரத்துக்கு முன்பு வந்து சேர்ந்தது. புதன்கிழமை தலைநகர் அருங்காட்சியகத்திலிருந்து ஓர் அம்மா இதைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் போடுகிற புத்தகத்தின் அட்டையில் இந்த முத்திரையின் படம் வரும் என்று கடிதமே வந்துவிட்டது. மனிதருக்கு மூன்று வாரமாகக் கால் தரையில் பாவவில்லை.

அண்ணி அதை எடுத்துப் புரட்டினார்.

"மூடி திறக்கிறதாடா?"

"தப்பு," என்றார் இவர், வாயெல்லாம் பல்லாக.

"பூட்டுச் சாவியா?"

"தப்புக்கா."

"ஒன்பது வருஷமா இந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்றே. வேற வார்த்தையே தெரியாதா உனக்கு?"

எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு தடவையாவது ஜெயிக்கட்டுமே என்று அவர் பக்கம் குனிந்து, "அண்ணி, ஓட்டையைப் பாருங்க. நுழையறதுக்கு ஒரு பக்கம், வர்றதுக்கு ஒரு பக்கம்," என்று கிசுகிசுத்தேன். சட்டத்தை மீறிக் குறிப்புக் கொடுத்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"ஓ, மோதிர அளவு பார்க்கிறதா!" என்று அண்ணி இடது ஆள்காட்டி விரலை அகலமான பக்கத்திலிருந்து உள்ளே விட்டார். விரல் நுனி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினார். விரலின் நடு மூட்டு 'டக்'கென்று குறுகிய விளிம்பைத் தாண்டியது.

"தப்பு," என்றார் இவர்.

அண்ணி விரலை இழுத்தார். வரவில்லை.

முதல் ஐந்து நிமிடம் மூன்று பேருமே சிரித்தோம். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. "இனிமே இதையும் தூக்கிட்டுத்தான் டியூட்டிக்குப் போகணும் போலிருக்கு," என்றார் அண்ணி. நான் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தேன். சோப்பு சரிப்படாமல் எண்ணெய் விட்டோம். திருகினால் தோல்தான் சுருண்டு விளிம்பில் மடிந்தது. ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் எடுத்து வந்து பத்து நிமிடம் வைத்தோம். அதற்குள் விரல் நுனி சிவந்து, பிறகு கருஞ்சிவப்பாகிவிட்டது. தையல் நூலை விரல் நுனியிலிருந்து இறுக்கிச் சுற்றிக்கொண்டு வந்து, வீக்கத்தை அமுக்கி, மூட்டைப் பின்னால் தள்ளலாம் என்று அண்ணியே சொன்னார். சுற்றினேன். நூல் விளிம்புக்குக் கீழே போக இடமே இல்லை. சதை அங்கே இரும்போடு இரும்பாக அடைத்துக்கொண்டிருந்தது.

அண்ணி சிரிப்பதை நிறுத்தினார். வலது கையால் அந்த நுனியை அழுத்திவிட்டு எடுத்தார். அழுத்திய இடம் வெளுத்தது. வெளுத்தது வெளுத்தபடி இருந்தது.

"மணி என்ன?"

"பதினொன்னே முக்கால்."

"முப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு," என்றார். ஆஸ்பத்திரியில் பேசுகிற குரல் வந்துவிட்டது அவருக்கு, ஏற்ற இறக்கம் இல்லாமல். "விரல் போயிடாது. பயப்படாதீங்க. ஆனா இந்த விளிம்பு அமுக்கிக்கிட்டே இருந்தா நுனியில உணர்ச்சி செத்துப்போயிடும். அப்புறம் விரல் இருக்கும், அதால எனக்குப் பிரயோஜனம் இருக்காது."

நான் எழுந்துவிட்டேன். "ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் அண்ணி."

"போக முக்கால் மணி நேரம். போனா அங்க என்ன செய்வாங்க? மோதிரம் வெட்டுற குட்டிக் கத்திரி வச்சிருக்காங்க. இவ்வளவு கனத்துக்குத் தீயணைப்புக்குத்தான் போன் பண்ணுவாங்க. நானே ரெண்டு தடவை பார்த்திருக்கேன்."

தீயணைப்பு நிலையத்துக்கு நான் போன் செய்தேன். இரண்டு வண்டியும் பெயின்ட் கிடங்கு ஒன்று எரிகிற இடத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். குறைந்தது ஒன்றரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடைத்தெருவில் வெல்டிங் பட்டறை இரண்டும் பூட்டு.

நான் போனை வைத்துவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு கருவிக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"அறுத்துடுங்க," என்றேன்.

"ஏறாது," என்றார் உடனே. "இது எஃகு. பதம் வச்சது. இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடே வழுக்கிட்டுப் போயிடும். வீணா நேரம்தான் போகும். இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பார்ப்போம்."

"அரம் போட்டுப் பாரு," என்றார் அண்ணி.

இவர் பின்கட்டில் வீட்டு வேலைக்கு வைத்திருந்த அரத்தை எடுத்து வந்து இரும்புத் தலையின் ஓரத்தில் இரண்டு இழுப்பு இழுத்தார். அரம் சத்தமில்லாமல் வழுக்கியது. "பார்த்தியாக்கா?" என்றார். அண்ணி அவர் முகத்தையே பார்த்தார்.

நான் கூடத்தான் பார்த்தேன். கண்ணாடிக் கடையில் ஒரு மயிரிழை கூடக் குறையாமல் தேய்க்கிற மனிதர் அவர். அரத்தை அழுத்தாமல், தடவிக்கொடுக்கிற மாதிரி இழுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரத்தை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். உடம்பின் பாரமெல்லாம் வைத்து ஒரே இழுப்பு. 'கர்ர்' என்றது. கறுப்பு இரும்பில் வெள்ளி மாதிரி ஒரு கோடு விழுந்தது.

"ஏறுது!" என்று கத்தினேன். "நல்லா ஏறுது! எஃகாம், பதமாம்! உங்க அக்கா விரலைவிட உங்களுக்கு இந்தத் துருப்பிடிச்ச சனியன் பெரிசாப் போச்சா? நெஞ்சுல ஈரம்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு?"

அவர் முகம் வெளிறிப்போய்ப் பின்கட்டுக்குப் போனார். ஆக்ஸா சட்டத்தையும் மூன்று பிளேடையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

சுவரோரத்து வேலை மேஜையில் ஒரு பழைய பிடிச்சிராவி இருந்தது. இரண்டு தாடையால் இரும்பை ஆடாமல் கவ்விப் பிடிக்கிற சாதனம். அந்த அறையில் இன்னும் வேலைக்கு எடுக்கிற ஒரே சாமான் அதுதான். கொண்டை இரும்பின் சட்டத்தை அதில் இறுக்கினோம். அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்து, கையை மேஜைமேல் நீட்டி வைத்துக்கொண்டார். ஓட்டைக்கு வலப்பக்கம் ஒரு சுவர், இடப்பக்கம் ஒரு சுவர், ஒவ்வொன்றும் நாலு நூல், அதாவது அரை அங்குலக் கனம். இரண்டையும் அறுத்துவிட்டால் தலையின் முன்பாதி கழன்று வரும். விரல் வெளியே வந்துவிடும். முத்திரை இருந்தது இடப்பக்கம்.

அவர் வலப்பக்கத்தில் ஆரம்பித்தார். நான் கரண்டியால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தேன், சூடேறாமல் இருக்க. பிளேடு போய் வந்தது. கருநிறப் பொடி தண்ணீரோடு கலந்து அண்ணியின் மணிக்கட்டுவரை வழிந்தது. ஒரு நூல் ஆழம் போவதற்குள் ஐந்து நிமிடம். முதல் பிளேடு சட்டென்று ஒடிந்து பறந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தோம். இரண்டாவதை மாட்டினார்.

"வலிக்குதாக்கா?"

"வலிச்சா நல்லதுதான். அறு."

கொஞ்ச நேரம் கழித்து அண்ணி, "இப்போ வலிக்கலை," என்றார். ரம்பச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. விரல் நுனி நாவல் நிறத்துக்கு வந்துவிட்டது. நான் அதைப் பார்க்காமல் இருக்க முயன்று, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டேகாலுக்கு வலப்பக்கச் சுவர் தோலுக்கு ஒரு தாள் கனம் மிச்சம் வைத்து முடிந்தது. அதற்கு மேல் அறுத்தால் சதையில் இறங்கும். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணியை எடுத்தார். நான்காக மடித்தார். இடப்பக்க முத்திரையின்மேல் வைத்து, நான் விரலுக்குச் சுற்றி எடுத்துப் போட்டிருந்த தையல் நூலால் அதை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினார்.

"டேய்," என்றார் அண்ணி.

"பொடி படக் கூடாதுன்னுதான்கா. கீறல் விழுந்துடும்... வேற ஒண்ணும் இல்ல. இந்தா, இப்போ ஆரம்பிச்சிடறேன்."

"என் விரலுக்கு ஒரு துணி சுத்தத் தோணலை உனக்கு. அதுக்குக் கட்டுப் போடறே."

"அக்கா..."

"நீ விடு. நகரு. நீ அறுக்க வேணாம்." குரல் ஏறவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீ அறும்மா."

"நானா அண்ணி? எனக்குப் பழக்கமே இல்லையே."

"பழக்கம் வேணாம். உனக்கு இந்த இரும்புமேல கிறுக்குக் கிடையாது. அது போதும் எனக்கு."

எனக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியது என்று உள்ளபடி சொல்ல வேண்டுமானால், பெருமையாக இருந்தது. தோளால் அவரை இடித்துத் தள்ளிவிட்டு ரம்பத்தை வாங்கினேன். அந்த மஞ்சள் துணியைப் பிய்த்துத் தரையில் வீசினேன். "போய்த் தண்ணி ஊத்துங்க, அதையாவது ஒழுங்கா பண்ணுங்க," என்றேன். அவர் கரண்டியை எடுத்துக்கொண்டார். தண்ணீர் பாதி வெளியே விழுந்தது.

பிளேடை வைத்தேன். அறுத்தேன். தோள் எரிந்தது. விரல் இடுக்கில் கொப்புளம் கட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு, "இதோ ஆச்சு அண்ணி, இதோ ஆச்சு," என்று சொல்லிக்கொண்டே அறுத்தேன். வெறி பிடித்த மாதிரி அறுத்தும், பிளேடு இறங்குவதாகவே தெரியவில்லை. அவர் அறுத்தபோதுகூட இவ்வளவு மெதுவாகப் போகவில்லை. என் கைக்குப் பலம் போதவில்லை என்றுதான் நினைத்தேன். இன்னும் வேகமாக இழுத்தேன்.

"கொஞ்சம் நிறுத்து," என்றார் அண்ணி.

நிறுத்தினேன்.

"அங்க ஏன் அறுக்கறே?"

எனக்குப் புரியவில்லை. குனிந்து பார்த்தேன். ஓட்டையின் நட்டநடுவுக்கு நேரேதான் சுவர் மெல்லிசு, நாலே நூல். அதற்கு நேர் மேலே பிறையும் மூன்று புள்ளியும். என் ரம்பம் போயிருந்த பள்ளம் அதற்கு அரை அங்குலம் தள்ளி இருந்தது. அங்கே சுவர் ஏழு நூலோ எட்டு நூலோ இருக்கும்.

"மெல்லிசான இடம் இங்கதானே இருக்கு," என்றார் அண்ணி. "அவ்வளவு தள்ளிப் போய் ஏன் வச்சே?"

அவசரத்தில் கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பிளேடை வைக்கும்போது கட்டைவிரலை அண்டக் கொடுத்து, அந்த முத்திரையின் ஓரத்தைத் தொட்டு, அதற்கு வெளியேதான் வைத்திருந்தேன். கட்டைவிரல் அப்போதும் அங்கேயேதான் இருந்தது. மூன்று சனிக்கிழமையும் மெழுகு தடவும்போது அந்தப் பள்ளங்களில் துணி நூல் சிக்காமல் பார்த்துப் பார்த்துத் துடைத்த அதே கட்டைவிரல். அண்ணியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு நிமிஷம் வீணாப் போச்சு," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

என் வீட்டுக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். குற்றம் சொல்கிற பார்வையாக இருந்திருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். பாவம் என்று பார்த்தார். அதுதான் எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

"கொடு," என்று ரம்பத்தை என் கையிலிருந்து வாங்கினார். அண்ணி தடுக்கவில்லை. தடுக்கிற தெம்பு இருந்ததோ இல்லையோ தெரியாது. அவர் பிளேடைப் பிறையின் நட்டநடுவில் வைத்தார். முதல் இழுப்பில் ஒரு புள்ளி போயிற்று. மூச்சுவிடாமல் அறுத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் நின்று சொட்டியது. அதைத் துடைக்கக்கூட அவர் நிற்கவில்லை. இரண்டாவது பிளேடும் ஒடிந்தது. மூன்றாவதை மாட்டினார். வேறு பிளேடு வீட்டில் கிடையாது. நான் தண்ணீர் ஊற்றினேன். என் கண் அண்ணி முகத்துக்குப் போகவே இல்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு, இந்தப் பக்கமும் ஒரு தாள் கனம் மிச்சம் வைத்து நிறுத்தினார். சுவரில் தொங்கிய பெரிய குறட்டை எடுத்துத் தலையின் முன்பாதியைக் கவ்வினார். "அக்கா, கத்தணும்னா கத்து," என்று சொல்லிவிட்டு, முழங்காலை மேஜைக் காலில் ஊன்றிக்கொண்டு முன்னும் பின்னுமாக அசைத்தார். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவை இரும்பு 'டொக்' என்று விட்டது. முன்பாதி தரையில் விழுந்து உருண்டு எங்கேயோ போயிற்று. அது எங்கே போயிற்று என்று அவர் பார்க்கவில்லை. அக்காவின் கையைத்தான் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தார்.

அண்ணி கத்தவே இல்லை. விரலில் மோதிரம் போட்ட மாதிரி ஆழமாக ஒரு வெள்ளைத் தடம் சுற்றி ஓடியது. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்தோம். மெல்ல மெல்ல நாவல் நிறம் கரைந்து சிவப்பு ஏறியது. நான் அழுதுவிட்டேன். "ரத்தம் வந்துடுச்சு அண்ணி! நிறம் வந்துடுச்சு!"

"வந்துடுச்சு," என்றார் அண்ணி. வலது கை நகத்தால் அந்த நுனியைக் கிள்ளினார். மறுபடி கிள்ளினார், இந்த முறை பலமாக. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார். "ஆட்டோ கூப்பிடுங்க."

ஆஸ்பத்திரியில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. வாசல் காவலாளி முதற்கொண்டு எழுந்து நின்றார்கள். கை நரம்பு பார்க்கிற மருத்துவர் மெல்லிய ஊசி ஒன்றால் விரலைச் சுற்றிச் சுற்றிக் குத்திக் கேட்டார். பக்கவாட்டில் தெரிகிறது என்றார் அண்ணி. நுனியில் குத்தியபோது கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் யோசித்துவிட்டு, "தெரியல டாக்டர்," என்றார்.

"திரும்பி வரலாம்," என்றார் மருத்துவர். "ரெண்டு மூணு மாசம் ஆகும். முழுசா வருமான்னு இப்போ சொல்ல முடியாது. இந்த மாதிரி அழுத்தத்துல கடைசி நிமிஷங்கள்தான் ரொம்பக் கெடுக்கும்மா. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்," என்றார் அண்ணி.

மருந்து வாங்க என் வீட்டுக்காரர் கீழே போயிருந்தார். தாழ்வாரத்து பெஞ்சில் நானும் அண்ணியும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். எதிரே அவருடைய பரிசோதனைக் கூடத்தின் கதவு திறந்து திறந்து மூடியது. உள்ளே ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. கதவிடுக்கில் எட்டிப் பார்த்த ஒரு பெண், "அக்கா, நல்லவேளை இருக்கீங்க! ஒரு நிமிஷம் வர்றீங்களா, குழாயே கிடைக்கலை," என்றாள். அண்ணி கட்டுப் போட்ட விரலைத் தூக்கிக் காட்டினார். அவள் முகம் மாறி உள்ளே போய்விட்டாள். குழந்தை அழுதுகொண்டே இருந்தது.

நான் பொறுக்க முடியாமல் பேசினேன். "அவரை மன்னிச்சிடுங்க அண்ணி. கடைசியில அவரேதான் அறுத்தாரு. உங்க தம்பி மோசமானவரு இல்ல."

"அவனை நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்," என்றார். "அவனுக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேருந்து இப்படித்தான். ஆட்டோவுல வரும்போதே போயிடுச்சு கோபம்."

அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, கோபம் துளிகூட இல்லாமல், ஏதோ எனக்குத் தெரிந்தால் சொல்லேன் என்று கேட்கிற மாதிரி கேட்டார்.

"நீ ஏம்மா தள்ளி வச்சே?"

உள்ளே குழந்தையை நாலாவது தடவையாகக் குத்தினார்கள். நான் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன். அவருக்காவது அந்த இரும்புமேல் பைத்தியம் என்று ஊருக்கே தெரியும். ரம்பத்தைத் தள்ளி வைக்கும்படி என்னிடம் யாருமே சொல்லவில்லை.